வாலடியில் இறகில்லாத கோழி: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் கோழி வளர்ப்பைப் பற்றி இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் இறகைப் பற்றியே பேசுகின்றன. செந்தூலிலிருந்து வந்த கடிதத்தில் ஏறக்குறைய எல்லாருடைய சிக்கலும் அடங்கியிருப்பதால் அதற்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன். மற்றவற்றுக்கு வேண்டிய அளவு மட்டும்.

கேள்வி (செந்தூல் வாசகி): வீட்டின் பின்புறத்தில், நான்கடிக்கு ஆறடிக் கூண்டில், எட்டு முட்டைக்கோழிகள் வளர்க்கிறோம். மூன்று வாரமாக ஒரு கோழியின் வாலடியில் இறகே இல்லை; நேற்று அந்த இடத்தில் இரத்தம் கசிந்தது. இன்னும் இரண்டின் முதுகிலும் இறகு குறைந்துவருகிறது. குச்சித் தீவனம் வைக்கிறோம், மீந்த சோற்றையும் தாராளமாகப் போடுகிறோம். மூசாங் எனும் மரநாய் வரும் என்ற பயத்தில் இரவு முழுவதும் விளக்கு எரிகிறது. உடம்பில் உப்புக் குறைந்துவிட்டது, தண்ணீரில் உப்புக் கரைத்து வை என்கிறார் என் மாமியார். அலகின் நுனியை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, அலகை வெட்ட வேண்டாம், உப்பும் கரைக்க வேண்டாம். காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குப் போவதற்கு முன், இரத்தம் கசியும் கோழியை இன்றைக்கே தனியாக எடுத்துவிடுங்கள். ஒரு புள்ளி இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகளும் அங்கேயே கொத்தத் தொடங்கும். பொழுது சாய்வதற்குள் உயிரே போய்விடக்கூடும்.

தனியாக எடுப்பது என்றால் கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோவது அன்று. கூண்டுக்குள்ளேயே ஒரு மூலையைக் கம்பி வலையால் தடுத்து, தனித் தண்ணீரும் தீவனமும் வைத்து, மற்றவை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி விடுங்கள். நான் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் இப்படிக் காயப்பட்ட கோழியை மூன்று வாரம் முன்வாசலில் வைத்துப் பார்த்து, புண் ஆறியதும் பெருமையோடு நண்பகலில் கூண்டுக்குள் விட்டேன். அதற்குள் அது மற்றவற்றுக்கு அந்நியக் கோழியாகிவிட்டிருந்தது. பத்து நிமிடத்தில் பழைய புண்ணுக்கு மேலே புதிய புண் வந்துவிட்டது. இப்போதெல்லாம் தோல் முழுவதும் மூடிய பிறகு, இருட்டும் நேரத்தில், மற்றவை கம்பில் உட்கார்ந்த பின்னரே கொண்டுபோய் உட்கார வைக்கிறேன்.

புண்ணுக்குப் பெரிய மருத்துவம் வேண்டாம். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, ஜென்ஷியன் வயலெட் எனும் ஊதா மருந்தைப் பூசுங்கள். நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் மஞ்சள் மருந்தும் கிருமியைக் கொல்லும், ஆனால் புண்ணின் சிவப்பை மறைக்காது, ஊதா மறைக்கும். காலையும் மாலையும் இறகை விலக்கிப் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். புண் ஆழமாக இருந்தாலோ, எச்சத்துவாரத்தைச் சுற்றி இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போவதே நல்லது.

இனிக் காரணத்துக்கு வருவோம். நம் நாட்டுக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களின் ஓரங்களிலும் இன்றும் திரிகின்ற செங்காட்டுக்கோழிதான் உங்கள் எட்டுக்கும் மூதாதை. விடிந்தது முதல் அடையும்வரை பொழுதின் பெரும்பகுதியை அது தரையைச் சீய்த்துக் கொத்தி இரை தேடுவதிலேயே கழிக்கும். கூண்டில் பிறந்த கோழிக்கும் அந்த இயல்பு அப்படியே இருக்கிறது; சீய்ப்பதற்குத்தான் ஒன்றுமில்லை. தரையில் எதுவும் இல்லாதபோது, பக்கத்தில் நிற்கும் கோழியின் இறகுதான் கொத்தி இழுக்கக்கூடிய ஒரே பொருளாக அதன் கண்ணுக்குத் தெரிகிறது. எனவே இதைச் சண்டை என்று எண்ண வேண்டாம். சண்டையிடும் கோழி நிமிர்ந்து நின்று தலையையும் கொண்டையையும் கொத்தும். இறகு பிடுங்கும் கோழியோ கோபமே இல்லாமல் பின்பக்கமாக வந்து, புல்லைப் பிடுங்குவதுபோல் ஒன்றை இழுத்து, பல வேளைகளில் விழுங்கியும் விடும். ஒரு மாலை நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு குவளைத் தேநீர் ஆறும்வரை பாருங்கள். எது என்று தெரிந்துவிடும். கூட்டத்திலேயே இறகு சற்றும் கலையாமல் அழகாக நிற்கும் கோழியின் மேல்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் கூண்டின் பரப்பு 24 சதுர அடி, ஆகவே ஒரு கோழிக்கு மூன்று சதுர அடி கிடைக்கிறது. பகலில் வெளியே மேயவிடும் கோழிக்கே இரவுக்கூண்டில் நான்கு சதுர அடி வேண்டும். வெளியே விடாமல் அடைத்து வைத்தால் திரிவதற்கு ஆளுக்குப் பத்து சதுர அடியாவது வேண்டும் என்பது வீட்டு வளர்ப்பில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கூண்டை இடித்துக் கட்டச் சொல்லவில்லை. பின்புறத்தில் வலை போட்ட ஒரு முற்றத்தை அமைத்து, நாளும் சில மணி நேரம் அதில் விட்டால் பாதித் தொல்லை குறையும். அதற்கும் இடமில்லை என்றால் இரண்டு மூன்று கோழிகளை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதுதான் நேர்மையான வழி.

அடுத்தது தீவனம். இதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் தீவனம் உண்ணும். முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 17 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அதற்கு 20 கிராமுக்குச் சற்று மேல் புரதம் கிடைக்கிறது. அதில் 40 கிராமைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பினால், சோற்றில் வரும் ஒரு கிராமையும் சேர்த்து 15 கிராம்கூடத் தேறாது. நாம் அன்போடு போடும் சோறு கால் பங்குக்கும் மேலான புரதத்தைத் தட்டிப் பறித்துவிடுகிறது. இறகின் எடையில் 85 முதல் 90 விழுக்காடு புரதம்தான். அதிலும் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் மிகுதி. மெத்தியோனின் எனும் அமினோ அமிலம் தீவனத்தில் குறைந்தால் இறகு பிடுங்குவது கூடும். ஆகவே சோற்றை ஒரு கோழிக்கு ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள், அதுவும் தீவனம் தின்ற பிறகு, மாலையில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சிறிது எள்ளுப் பிண்ணாக்கோ, உப்பில்லாத நெத்திலித் தூளோ கொடுக்கலாம். சந்தையில் வாங்கும் நெத்திலியில் உப்பு மிகுதி. ஊறவைத்து இரண்டு தண்ணீரில் அலசாமல் போடக்கூடாது.

தீவனத்தின் வடிவமும் முக்கியம். குச்சித் தீவனத்தைக் கோழி மளமளவென்று விழுங்கிவிட்டு வேலையில்லாமல் நிற்கும். அதையே மாவுத் தீவனமாகக் கொடுத்தால் பொறுக்கிப் பொறுக்கித் தின்ன நெடுநேரம் ஆகும். ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாவுத் தீவனத்துக்கு மாற்றுங்கள். வீணாகச் சிந்துகிறதே என்று வருந்துவீர்கள். சிந்தட்டும், அதைத் தேடிப் பொறுக்குவதும் அவற்றுக்கு ஒரு வேலைதான்.

விளக்கை இன்றிரவே அணைத்துவிடுங்கள். இருட்டில் உறங்காத கோழி எரிச்சலோடுதான் விடியும். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். முட்டை குறையாமலிருக்க 14 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்றால், காலை ஐந்து மணி முதல் ஏழு மணிவரை மங்கலான ஒரு பல்பு போதும். மூசாங்கை விளக்கு தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையும் நல்ல தாழ்ப்பாளும்தான் தடுக்கும்.

இவற்றோடு அலகுக்கு நாள் முழுவதும் வேலை கொடுக்க வேண்டும். குலை வெட்டிய வாழை மரத்தை ஒரு முழம் நீளத்துக்குத் துண்டாக்கி, நெடுக்குவாக்கில் பிளந்து போட்டுப் பாருங்கள். முதலில் சுற்றிச் சுற்றி வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். பிறகு ஒன்று துணிந்து கொத்தும். சாறு தெறித்ததும் எட்டும் வந்து மொய்த்து, மாலைக்குள் மட்டை மட்டையாக உரித்து நாராக்கிவிடும். கங்கோங் கீரைக் கட்டையோ கோபிஸின் வெளியிலைகளையோ கோழியின் தலைக்குச் சற்று மேலே கயிற்றில் தொங்கவிடுங்கள். எம்பி எம்பிக் கொத்தும். சந்தையில் காய்கறிக் கடைக்காரரிடம் கேட்டால் அந்த இலைகளைச் சும்மாவே கொடுப்பார். தரையில் காய்ந்த லாலாங் புல்லையும் சருகையும் நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பி, அதில் ஒரு கைப்பிடி நெல்லைத் தூவுங்கள். வைக்கோல் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை, லாலாங்குக்குப் பஞ்சமில்லை. இந்த நார்ப்பொருளைத் தின்னும் கோழிக்கு இறகைத் தின்னும் ஆசையும் குறைகிறது.

பிடுங்கும் கோழி எது என்று கண்டுபிடித்ததும் அதை நான்கைந்து நாள் தனியே அடையுங்கள். இதை மட்டும் மற்றவற்றின் கண்ணுக்கு மறைவாக வைக்க வேண்டும். திரும்பி வரும்போது கூட்டத்தில் அதன் இடம் கீழிறங்கியிருக்கும், கை ஓங்காது. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தும் திருந்தவில்லை என்றால் அந்தப் பழக்கம் ஊறிப்போய்விட்டது என்று பொருள். அதற்குப்பின் அது தனிக்கூண்டுக்குப் போவதா குழம்புச் சட்டிக்குப் போவதா என்பது உங்கள் வீட்டு முடிவு.

மாமியாரின் கருத்து முற்றிலும் தவறன்று. வீட்டிலேயே கலந்த தீவனத்தில் உப்பில்லாமல் போனால் கோழிகள் ஒன்றையொன்று கொத்துவது உண்டு. ஆனால் கடையில் வாங்கும் தீவனத்தில் வேண்டிய உப்பு முன்பே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் தண்ணீரிலும் கரைத்தால் கழிச்சல்தான் மிஞ்சும். பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையை ஏற்கவே முடியாது. அலகின் நுனி நம் நகத்தைப்போல் உணர்ச்சியற்ற பொருள் அன்று, நரம்புகள் நிறைந்தது. வளர்ந்த கோழிக்கு அதை வெட்டினால் ஆறாத வலி தங்கிவிடும், தின்பதும் குறையும், காரணமோ அப்படியே இருக்கும். நார்வே 1974ஆம் ஆண்டிலும் சுவீடன் 1988ஆம் ஆண்டிலும் பண்ணைகளுக்கே இதைத் தடை செய்துவிட்டன.

கேள்வி (பாலிக் பூலாவ் வாசகர்): எங்கள் டுரியான் தோட்டத்தில் ஒரு சேவலும் நான்கு கம்பத்துப் பெட்டைகளும் நாள் முழுவதும் தாராளமாக மேய்கின்றன. இடத்துக்கோ இரைக்கோ குறையில்லை. ஆனாலும் இரண்டு பெட்டைகளுக்கு முதுகிலும் பிடரியிலும் இறகு இல்லை. ஒன்றையொன்று கொத்துவதையும் நான் பார்த்ததில்லை.

பதில்: ஐயா, கொத்தினால்தானே பார்ப்பீர்கள். இது சேவல் மிதிப்பதால் வந்தது. ஏறும்போது பிடரி இறகை அலகால் பற்றிக்கொள்ளும், முதுகில் கால் ஊன்றும். தேய்வது அந்த இரண்டு இடங்கள்தாம். இறகு போன இடமே நோயைச் சொல்லிவிடும் என்பதால் இதைச் சற்று விளக்கிவிடுகிறேன். வாலடியில் போனால் மற்றக் கோழிகள் பிடுங்கியிருக்கின்றன. நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் போனால் அது அடைக்கு உட்காரும் கோழி; தானே பிடுங்கித் தன் சூட்டை முட்டைக்குக் கொடுக்கிறது. தலையில் தொடங்கிக் கழுத்து, முதுகு என்று ஒழுங்காக உதிர்ந்து, கூடவே முளை இறகும் தெரிந்தால் அது ஆண்டுக்கொரு முறை வரும் இறகு உதிர்ப்பு. அதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் இருந்தால் சுமை பகிர்ந்துபோகும். நான்கே இருக்கும்போது அதற்குப் பிடித்தமான இரண்டின் மேல்தான் எல்லாம் விழுகிறது. பெட்டைகளைக் கூட்டுங்கள், அல்லது சேவலைப் பகலில் பாதி நேரம் தனியே அடையுங்கள். அதன் கால்முள் கூராக இருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கிவிடலாம். முதுகு புண்ணாகிவிட்ட பெட்டைக்குப் பழைய ஜீன்ஸ் துணியில் சேணம்போல் ஒன்று தைத்து, இரு சிறகுகளின் அடியிலும் மீள்நாடா மாட்டிவிடுவார்கள். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நன்றாக உழைக்கும். துணிக்கடியில் உண்ணி சேர்கிறதா என்று வாரம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகி): ஐந்து கோழிகள் அமைதியாக இருந்தன. புதிதாக மூன்று விடைக்கோழிகளை வாங்கி விட்டதும் ஒரே அடிதடி. இதுவும் இறகு பிடுங்கும் நோய்தானா?

பதில்: இல்லை, இது பதவிச் சண்டை. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் இதை முதன்முதலில் விளக்கி எழுதினார். புதியவர்கள் வந்தால் அந்த வரிசை மீண்டும் முதலிலிருந்து எழுதப்படும். இரத்தம் வராதவரை தலையிடாதீர்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

ஆனால் வாங்கிய அன்றே உள்ளே விட்டது தவறு. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் நியூகாசல் நோய் வெளியே தெரிவதற்கு முன்பே பரவக்கூடியது என்பதால், புதிய கோழிகளை 21 நாள் வேறிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன்பின் ஒரு வாரம் வலைக்கு அப்பாலிருந்து பார்த்துப் பழக விட்டு, பிறகு ஒரு மாலை இருட்டில் கம்பில் ஏற்றிவிடலாம். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில் எதிரெதிரே இருக்கட்டும். ஒரு பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தால் துரத்தப்படும் கோழி அதன் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். இப்போது முன்பே விட்டுவிட்டீர்கள் என்பதால் அந்தப் பலகையையாவது இன்று வையுங்கள்.

கேள்வி (கெப்போங் வாசகர்): முட்டையெடுக்கக் கை விட்டால் கையில் கடுகைவிடச் சிறிய பூச்சிகள் ஊர்கின்றன. கோழிகளும் தம் இறகைத் தாமே கோதிக்கோதிப் பிய்த்துக்கொள்கின்றன. பழைய இயந்திர எண்ணெயை உடம்பில் தடவச் சொல்கிறார்கள்.

பதில்: இயந்திர எண்ணெயும் மண்ணெண்ணெயும் தோலைப் பொசுக்கும், கோழி அதைக் கோதி விழுங்கவும் செய்யும். தடவாதீர்கள்.

அவை இரத்தம் குடிக்கும் செள். இரவில் கைவிளக்கோடு போய் ஒரு கோழியைத் தூக்கி, எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் கரும்பழுப்பு அழுக்கு ஒட்டியிருந்தால் செள் உடம்பிலேயே குடியிருக்கிறது. உடம்பு சுத்தமாக இருந்து, உட்காரும் கம்பின் அடிப்பக்கத்திலும் பலகை இடுக்கிலும் சிவப்பாக நசுங்கினால், பகலில் ஒளிந்து இரவில் மட்டும் வந்து குடிக்கும் வகை அது. அப்போது கோழியைவிடக் கூண்டுக்குத்தான் மருத்துவம் வேண்டும். எப்படியானாலும் முட்டையிடும் பெட்டியில் உள்ள புல்லை மொத்தமாக அள்ளி எரித்துவிட்டு, கோழிக்கென்றே விற்கப்படும் பெர்மெத்ரின் தூளை உறையில் சொன்ன அளவில் தூவி, ஏழாம் நாள் மறுபடியும் தூவுங்கள். முதல் முறை தப்பிய செள்ளின் முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். கோழி முட்டையை எத்தனை நாள் உண்ணக்கூடாது என்பதையும் அதே உறையில் பாருங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதை அந்தப் பக்கம் விடாதீர்கள். பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

மழையில் நனையாத கூரைக்கடியில் ஒரு பழைய லோரி டயரை வைத்து, அதில் காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து நிரப்புங்கள். கோழி புழுதியில் புரண்டுதான் பூச்சியை உதிர்க்கிறது. சிமெண்டுத் தரையில் அதற்கு எங்கே போகும்?

கேள்வி (ஆயர் ஈத்தாம் வாசகி): கறுப்புத் தோலுள்ள சில்கிக் கோழிகள் இரண்டையும் பழுப்பு முட்டைக்கோழிகள் நான்கையும் ஒன்றாக விடலாமா?

பதில்: விடாமலிருப்பதே நல்லது. சில்கியின் தலைப் பூ, அதாவது இறகுக் குடுமி, கண்ணை மறைப்பதால் அடி வருவது அதற்குத் தெரியாது, தப்பி ஓடவும் தாமதமாகும். பூவுள்ள பல சில்கிகளுக்கு மண்டையோட்டின் உச்சி முழுவதும் மூடியிருக்காது. அந்த இடத்தில் விழும் ஒரே கொத்து மூளையைத் தாக்கிவிடும். நடுவில் வலை போட்டுப் பிரித்துவிட்டால் இரண்டு இனமும் பக்கத்துப் பக்கத்தில் வாழும்.

கேள்வி (செத்தாப்பாக் வாசகர்): கொத்துவது நின்று ஒரு மாதமாகிறது. ஒரு கோழிக்கு இறகு வந்துவிட்டது, இன்னொன்றுக்கு முளைக்கவே இல்லை. ஏன்?

பதில்: அடியோடு பிடுங்கப்பட்ட இறகுக்குப் பதில் உடனே புதியது முளைக்கத் தொடங்கிச் சில வாரங்களில் வளர்ந்துவிடும். நடுவில் ஒடிந்த இறகின் அடிக்குச்சி தோலுக்குள்ளேயே இருக்குமானால், அடுத்த இறகு உதிர்ப்புவரை அங்கே எதுவும் முளைக்காது. இரண்டாவது கோழியின் முதுகை விரலால் தடவிப் பாருங்கள், குச்சி குச்சியாகத் தட்டுப்படும். அவற்றை இழுத்துப் பார்க்க வேண்டாம். முதல் கோழியின் முளை இறகுகளுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீலக் கறுப்பாகத் தெரியும் அந்த முளைகளைத்தான் மற்றக் கோழிகள் மறுபடியும் குறிவைக்கும். அவை விரிந்து முடியும்வரை ஊதா மருந்துப் புட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.